கோடையின் கடுமை: காரணம் எது, கடமை எது?

சென்ற கோடையில் ஒரு நாள். லுஹர் ஜமாஅத் முடிந்து, வெளியே கால் வைக்கப் பயந்து, நாலைந்து பேர் ஹவுளுக்கரையில் உட்கார்ந்துவிட்டார்கள். "காக்கா, இந்த வருஷக் கத்திரி பொல்லாத கத்திரியா இருக்கே" என்று ஒருவர் பேச்சைத் தொடங்கினார். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ஆசிரியராக இருக்கும் ஓர் இளைஞர், "கத்திரியாவது ஒண்ணாவது! நிலக்கரியும் பெட்ரோலும் எரிச்ச புகை காக்கா. உலகம் முழுக்க இதே பாடுதான்" என்றார். அதுவரை தஸ்பீஹ் உருட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் நிமிர்ந்தார். "தம்பி, வெயிலோட கடுமை ஜஹன்னத்தோட மூச்சுலேர்ந்து வருதுன்னு நாயகம் (ஸல்) அவங்க சொல்லியிருக்காங்க. நீங்க புகைங்கிறீங்க. அப்ப ஹதீஸை மறுக்கிறீங்களா?" என்று கேட்டார். நாலாமவர் ஒருவர், "எல்லாம் நம்ம பாவம்! பெண்டு பிள்ளைங்க நடக்கிற நடைக்கு வெயில் மட்டுமா அடிக்கும்?" என்று தம் பங்குக்கு எரிகிற தீயில் எண்ணெய் வார்த்தார்.

பேச்சு தர்க்கமாயிற்று, தர்க்கம் கூச்சலாயிற்று. மறுநாள் லுஹருக்கு அந்த இளைஞர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

இதே சமயத்தில் ஒரு கடிதமும் வந்தது. ஹஜ்ஜுக்குப் பெயர் கொடுத்திருக்கும் ஒரு மூதாட்டி பேரனைக் கொண்டு எழுதச் செய்தது. "ஹஜ்ரத் அவர்களுக்கு, ஹஜ்ஜில் வெயிலில் எவ்வளவு வாடுகிறோமோ அவ்வளவு நன்மை என்கிறார்கள். குடை பிடித்தால் நன்மை குறையும் என்று பக்கத்து வீட்டு மாமி சொல்கிறார்கள். எனக்கு ரத்தக் கொதிப்பு இருக்கிறது. என்ன செய்யட்டும்?" என்று கேட்டிருந்தார்கள்.

ஹவுளுக்கரைத் தர்க்கமும் இந்த அம்மாளின் கேள்வியும் வெவ்வேறு என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெயில் எங்கிருந்து வருகிறது என்பதைத் தவறாக விளங்கிக்கொள்பவர், வெயிலில் தாம் செய்ய வேண்டியதையும் தவறாக விளங்கிக்கொள்கிறார். 2024ஆம் ஆண்டு ஹஜ்ஜில் அதன் விலையை உலகம் கண்டது.

அவ்வாண்டு ஜூன் 15 அரஃபா நாள். ஜூன் 17 அன்று மக்காவின் புனிதப் பள்ளியில் வெப்பம் 51.8 டிகிரி செல்ஸியஸைத் தொட்டது. ஏறக்குறைய 18 லட்சம் பேர் ஹஜ்ஜுக்குக் கூடியிருந்தார்கள். ஹஜ் முடிந்த சில நாட்களில், 1,301 பேர் இறந்ததாக சவூதி அரசாங்கம் அறிவித்தது. அவர்களில் நூற்றுக்கு 83 பேர் அனுமதிச் சீட்டு இல்லாமல் வந்தவர்கள். நிழலும் தங்குமிடமும் இன்றி நெடுந்தூரம் வெயிலில் நடந்தவர்கள் என்றும் அது கூறிற்று. இறந்தோரில் எகிப்தியர் பல நூறு பேர். அவ்வரசாங்கம் 16 பிரயாணக் கம்பெனிகளின் லைசென்ஸை ரத்துச் செய்தது.

இங்கேயும் தர்க்கம் எழுந்தது. சட்டத்தை மீறி வந்தவர்களின் குற்றம் என்றனர் சிலர். ஏழைகளிடம் பணம் பிடுங்கிக்கொண்டு, சுற்றுலா விசாவில் அனுப்பிவிட்டுக் கைகழுவிய ஏஜெண்டுகளின் குற்றம் என்றனர் சிலர். அனுமதி இல்லாதவனுக்கும் தாகம் உண்டே, அவனுக்குத் தண்ணீரும் நிழலும் மறுக்கப்பட்டது ஏன் என்று கேட்டனர் வேறு சிலர். பூமியே சூடேறிவிட்டது என்றனர் விஞ்ஞானிகள். "ஹஜ்ஜில் மௌத்தானவர்கள் பாக்கியசாலிகள், அதில் காரணம் தேடுவானேன்?" என்று சொல்லி ஆராய்ச்சியையே மூடிவிட்டவர்களும் இருந்தார்கள்.

கடைசியில் சொன்னவர்களின் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. அரஃபாத்தில் ஒட்டகத்திலிருந்து விழுந்து இறந்த ஒரு ஸஹாபியை இஹ்ராமுடைய இரு துணிகளிலேயே கபனிடும்படியும், தலையை மூட வேண்டாமென்றும், அவர் கியாமத்து நாளில் தல்பியா சொன்னவராக எழுப்பப்படுவார் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியது ஸஹீஹான ஹதீஸில் உள்ளது. ஆனால் இறந்தவருக்குக் கிடைக்கும் அந்தஸ்து வேறு. இருப்பவரைக் காக்கும் கடமை வேறு. அந்தஸ்தைக் காட்டிக் கடமையைத் தட்டிக் கழிக்க மார்க்கத்தில் இடமில்லை.

இனி, பெரியவர் எடுத்துக் காட்டிய ஹதீஸுக்கு வருவோம். அது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வந்திருக்கும் உறுதியான ஹதீஸ். அதில் எவருக்கும் ஐயம் வேண்டாம். நரகம் தன் இறைவனிடம் முறையிட, அதற்கு இரண்டு மூச்சுகள், குளிர்காலத்தில் ஒன்றும் கோடையில் ஒன்றுமாக, அனுமதிக்கப்பட்டன என்றும், நீங்கள் காணும் கடும் வெப்பமும் கடும் குளிரும் அதிலிருந்து உண்டாவன என்றும் மற்றொரு அறிவிப்பில் வருகிறது.

இதன் பொருளில் முன்னோர் இரு விதமாகக் கூறியுள்ளனர். வெளிப்படையான பொருளிலேயே, உண்மையாகவே நரகத்தின் மூச்சு என்று கொள்வோர் ஒரு சாரார். இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தம் முஸ்லிம் விரிவுரையில் இதையே சரியெனக் கொள்கிறார்கள். இது ஓர் உவமை. கோடையின் கொடுமை நரகத்தின் கொதிப்பைப் போன்றது, அதற்கு அஞ்சுங்கள் என்பதே கருத்து என்போர் மற்றொரு சாரார். இரு சாராரும் அஹ்லுஸ் ஸுன்னத்தைச் சேர்ந்த ஆலிம்களே. ஒருவர் மற்றவரை ஹதீஸ் மறுப்பாளர் என்று அழைக்கவில்லை. நம் ஹவுளுக்கரையில் அழைத்தோம்!

முதல் சாராரின் கருத்தையே எடுத்துக்கொண்டாலும் அந்த இளைஞர் ஹதீஸை மறுத்தவராக மாட்டார். யோசித்துப் பாருங்கள். அந்த ஹதீஸைக் கேட்ட ஸஹாபாக்களுக்குச் சூரியன் சுடும் என்பது தெரியாதா? காலையில் குளிர்ந்திருந்த மணல் நடுப்பகலில் கொதிப்பது சூரியனால்தான் என்பதை அரபு நாட்டுச் சிறுவனும் அறிவான். ஹதீஸைக் கேட்டபின் அவர்களில் எவரும் சூரியனுக்கும் வெப்பத்துக்கும் தொடர்பில்லை என்று சொல்லத் தொடங்கவில்லை. கண்ணுக்குத் தெரியும் காரணம் ஒன்று, கண்ணுக்குத் தெரியாத, வஹீ மூலம் மட்டுமே அறியக்கூடிய காரணம் ஒன்று. இரண்டையும் ஒருங்கே ஏற்றார்கள். சூரியனை ஏற்றது ஹதீஸை மறுத்ததாகாதென்றால், புகையை ஏற்பது மட்டும் எப்படி மறுத்ததாகும்?

இதைவிட முக்கியமான ஒன்றையும் கவனிக்க வேண்டும். இந்த ஹதீஸ் ஏன் சொல்லப்பட்டது? தர்க்கம் செய்வதற்கு அல்ல. வெப்பம் கடுமையானால் தொழுகையைக் குளிரும்வரை பிற்படுத்துங்கள் என்ற கட்டளைதான் அதன் தலைப்பகுதி. நரகத்தின் மூச்சு என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஒரு பிரயாணத்தில் பாங்கு சொல்ல எழுந்த முஅத்தினை நாயகம் (ஸல்) அவர்கள் மீண்டும் மீண்டும் நிறுத்தி, மணல்மேடுகளின் நிழல் கண்ணுக்குத் தெரியும்வரை தாமதிக்கச் செய்தார்கள் என்று அபூதர் (ரலி) அறிவிக்கிறார்கள். காரணத்தைப் பற்றிக்கொண்டு கத்துகிறோம், கட்டளையை மறந்துவிட்டோம். அந்தத் தர்க்கம் நடந்த நாளில் எங்கள் பள்ளியில் லுஹர் ஜமாஅத் 12.45க்கு நடந்தது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

கத்திரி விஷயம் என்ன? ஹுதைபிய்யாவில், ஹிஜ்ரி 6ஆம் ஆண்டில், இரவில் மழை பெய்த மறுநாள் காலை நாயகம் (ஸல்) அவர்கள் செய்த எச்சரிக்கையை நாம் அறிவோம். இன்ன நட்சத்திரத்தால் மழை பெய்தது என்று சொன்னவன் அந்த நட்சத்திரத்தை நம்பியவன், அல்லாஹ்வை நிராகரித்தவன் என்ற கருத்தில் அது அமைந்தது. நம் இல்லங்களிலோ அக்கினி நட்சத்திரம் பிறந்துவிட்டது, அதுதான் சுடுகிறது என்று சர்வசாதாரணமாகப் பேசுகிறோம். காலத்தைக் குறிப்பதற்காக மட்டும், "கத்திரி நாட்களில் வெயில் அதிகம்" என்று சொன்னால் அது குஃப்ரு ஆகாது. ஆயினும் வேறு சொல்லால் சொல்வது எனக்குப் பிரியமானது என்ற கருத்தில் இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்கள் தம் அல்உம்மு நூலில் விளக்கம் தந்திருக்கிறார்கள். ஆகவே சொல்லைக் கண்டதும் ஃபத்வா கொடுத்துவிடத் தேவையில்லை.

நட்சத்திரத்துக்கு அந்த ஆற்றல் இல்லை என்பதற்கு வானிலைக் கணக்கே போதும். கத்திரி என்பது ஏறக்குறைய மே 4 முதல் 28 வரை. சென்னை நகரில் பதிவான மிக அதிக வெப்பம் 45 டிகிரி. அது பதிவான நாள் 2003 மே 31. கத்திரி முடிந்த பிறகு! நம் பகுதியில் சூரியன் உச்சந்தலைக்கு நேராக வருவது ஏப்ரல் இறுதியில். அப்போது தொடங்கித் தரை நாளுக்கு நாள் சூட்டைச் சேமித்துக்கொண்டே போகிறது. மழை வந்து தணிக்கும்வரை இறங்குவதில்லை. அதுதான் மே மாதத்து வெயில்.

மக்காவுக்கும் இதே கணக்குதான். ஆண்டில் இரு முறை, மே 27 அல்லது 28, ஜூலை 15 அல்லது 16 தேதிகளில், சூரியன் கஃபாவுக்கு நேர் மேலே நிற்கிறது. நம் கடிகாரத்தில் மே மாதம் பிற்பகல் 2.48 மணி, ஜூலையில் 2.57 மணி அளவில் ஒரு குச்சியை நேராக நட்டால், அதன் நிழலுக்கு எதிர்த்திசைதான் கிப்லா. பள்ளி கட்டும்போது திசை பார்க்க இதைவிடச் சுலபமான வழியில்லை. (இந்தக் கணக்கைக் கிப்லாவுக்கு மகிழ்ச்சியோடு ஏற்கும் நாம், அதே சூரியனின் கணக்கை வெப்பத்துக்குச் சொன்னால் முகம் சுளிக்கிறோம்!) மே இறுதி முதல் ஜூலை நடுவரை மக்காவில் சூரியன் உச்சியைச் சுற்றியே நிற்பதால், அம்மாதங்களில் வரும் ஹஜ் கடும் ஹஜ். சந்திர ஆண்டு சுமார் 11 நாள் குறைவானதால் ஹஜ் ஆண்டுதோறும் முன்னோக்கி நகர்ந்து, ஏறத்தாழ 33 ஆண்டுகளில் ஒரு சுற்று வருகிறது.

எனவே கோடையில் வெயில் இருப்பது புதிதல்ல. ஹிஜ்ரி 9இல் தபூக் யுத்தப் புறப்பாடும் கடும் கோடையில்தான். தர்க்கம் எதில் என்றால், வழக்கமான வெயிலுக்கு மேல் ஏறியிருக்கும் அதிகப்படியில்தான். பூமியைச் சுற்றியிருக்கும் காற்றில் கரியமில வாயு ஒரு போர்வை போல வேலை செய்கிறது. பகலில் பெற்ற சூட்டைத் தரை இரவில் வெளியே விடும்போது, அதில் ஒரு பகுதியைத் தடுத்து நிறுத்துகிறது. அந்தப் போர்வை அடியோடு இல்லாவிட்டால் பூமி உறைந்துவிடும். அதுவும் அல்லாஹ்வின் அருளே. ஆனால் எந்திரத் தொழில்கள் பெருகுமுன் பத்து லட்சம் பங்கு காற்றில் 280 பங்காக இருந்த அந்த வாயு, நிலக்கரியும் எண்ணெயும் எரித்து எரித்து, இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. போர்வை தடித்துவிட்டது. இந்த வாயு சூட்டைப் பிடிக்கும் என்பது நேற்றுச் சொன்னதல்ல; 1859இல் டிண்டால் சோதனை செய்து காட்டியது. அது கூடினால் பூமி எவ்வளவு சூடேறும் என்று 1896இல் அர்ரீனியஸ் கணக்கே போட்டுப் பார்த்தார். 2024ஆம் ஆண்டின் உலகச் சராசரி வெப்பம், 1850 முதல் 1900 வரை இருந்ததைவிட ஏறத்தாழ ஒன்றரை டிகிரி அதிகம். அளவெடுக்கத் தொடங்கிய பிறகு அதுபோன்ற ஆண்டு அதற்கு முன் இருந்ததில்லை.

"சூரியனே முன்னைவிட அதிகமாகக் காய்கிறதோ என்னவோ?" என்று கேட்பார் உண்டு. நல்ல கேள்விதான். 1978 முதல் விண்கோள்கள் சூரிய ஒளியை அளந்துவருகின்றன. அதில் ஏற்றம் காணோம். அத்துடன், சூரியன்தான் காரணமென்றால் வளிமண்டலம் மேலிருந்து கீழ்வரை சூடேற வேண்டும். நடப்பதோ வேறு: கீழ்ப்பகுதி சூடேற, மிக உயரத்திலுள்ள பகுதி குளிர்கிறது. போர்வைக்குள் இருப்பவனுக்கு வியர்க்கும், போர்வைக்கு வெளியே சூடு எட்டாது. அதே கதைதான்.

இந்தத் தர்க்கம் பெரிய சபைகளிலும் நடந்தது. 1995இல் மத்ரித் நகரில் பல நாட்டு விஞ்ஞானிகளும் அரசுப் பிரதிநிதிகளும் கூடி, வெப்ப உயர்வில் மனிதனின் கை தெரிகிறது என்று ஒரு வாசகம் எழுத முற்பட்டபோது, அதைக் கடுமையாக ஆட்சேபித்தவர்கள் சவூதி அரேபியா, குவைத் நாட்டுப் பிரதிநிதிகள். எண்ணெய் விற்று வாழும் நாட்டுக்கு அந்த வாசகம் கசக்கத்தான் செய்யும். அடக்கமான சொல்லில்தான் அன்று அது நிறைவேறிற்று. 2021இல் அதே குழு, இதில் ஐயத்துக்கு இடமே இல்லை என்று எழுதிவிட்டது. முஸ்லிம்களும் வாளாவிருக்கவில்லை, 2015 ஆகஸ்டில் இஸ்தான்பூலில் பல நாட்டு அறிஞர்கள் கூடி, எண்ணெய் வளமுள்ள நாடுகளையும் செல்வ நாடுகளையும் பெயர் சுட்டி, புகையைக் குறைக்கும்படி பிரகடனம் வெளியிட்டார்கள்.

காரணம் சொல்வதில் நாயகம் (ஸல்) அவர்கள் எவ்வளவு நேர்மையாக இருந்தார்கள் என்பதற்கு ஒரு சம்பவம் போதும். ஹிஜ்ரி 10இல் அவர்களின் அருமை மகன் இப்ராஹீம் மரணமடைந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. இப்ராஹீமின் மரணத்துக்காகவே சூரியன் இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். பேசியவர்கள் எதிரிகள் அல்லர், அன்பு கொண்டவர்கள். அந்தப் பேச்சால் அவர்களின் மதிப்பு உயரத்தான் செய்யும். மகனைப் பறிகொடுத்த துக்கத்திலும் அவர்கள் அதை அனுமதிக்கவில்லை. சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள். எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று அறிவித்தார்கள். தவறான காரணத்தை மறுத்தார்கள். உடனே தொழுகைக்கும் பிரார்த்தனைக்கும் தருமத்துக்கும் ஏவினார்கள்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் தஹாஃபுத் நூலின் முன்னுரையில் இதே கிரகணத்தை எடுத்துக்கொண்டு பேசுகிறார்கள். கிரகணம் எப்படி நிகழ்கிறது என்பது கணக்கால் நிரூபணமான விஷயம். அதை மறுப்பதே மார்க்கத்துக்குச் செய்யும் சேவை என்று நினைப்பவன் மார்க்கத்துக்குத் தீங்குதான் செய்கிறான். ஏனெனில் கணக்கை அறிந்தவன் கணக்கைச் சந்தேகிக்க மாட்டான், மார்க்கத்தைத்தான் சந்தேகிப்பான் என்பது அவர்கள் கருத்து. ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன் எழுதியது. ஹவுளுக்கரையிலிருந்து எழுந்து போன அந்த இளைஞரை நினைத்தால், நேற்று எழுதியது போல இருக்கிறது. ஆனால் இளைஞர் மீதும் தவறுண்டு. "கத்திரியாவது ஒண்ணாவது" என்று ஒரு வயதானவரைத் துச்சமாகப் பேசிய அந்தத் தொனிதான் பாதிச் சண்டையை மூட்டியது.

பாவம் என்று சொன்னவருக்கும் பதில் சொல்ல வேண்டும். மனிதர்களின் கைகள் சம்பாதித்ததால் தரையிலும் கடலிலும் குழப்பம் வெளிப்பட்டுவிட்டது என்ற கருத்தில் ஸூரத்துர் ரூமில் (30:41) வசனம் உள்ளது. ஆகவே மனிதச் செயலுக்கும் பூமியின் கேட்டுக்கும் தொடர்பில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பாவம் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பிறர் பாவத்தையே பேசுகிறார்கள் என்பதைப் பார்த்திருக்கிறேன். தெருவில் போகும் பெண்ணின் மீது விரல் நீள்கிறது. வலீமாவில் குப்பைக்குப் போகும் தேக்ஸாச் சோற்றின் மீது நீள்வதில்லை. பள்ளிவாசலை விஸ்தரிக்கும்போது வெட்டிச் சாய்த்த வேப்பமரத்தின் மீதும் நீள்வதில்லை. வீண்விரயம் பாவமென்று குர்ஆன் தெளிவாகச் சொல்கிறது; எரித்து வீணாக்கியதால்தான் சூடேறுகிறது என்கிறது விஞ்ஞானம். இவ்விரண்டிலும் எனக்குச் சண்டை தெரியவில்லை. இதில் வேதனை என்னவென்றால், எரித்தவன் குளிர்சாதன அறையில் இருக்கிறான். வெயிலில் விழுவது தார் போடும் கூலியாளும் அனுமதிச் சீட்டு வாங்க வசதியில்லாத ஹாஜியும்தான். வெயிலில் விழுந்தவரைப் பாவி என்று சொல்ல நாம் யார்?

இனி அந்த அம்மாளின் கேள்வி. வாடினால் நன்மையா?

நாயகம் (ஸல்) அவர்கள் குத்பா ஓதிக்கொண்டிருந்தபோது ஒருவர் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். யாரென்று விசாரித்தார்கள். அவர் அபூ இஸ்ராயீல்; உட்காராமல், நிழலில் ஒதுங்காமல், பேசாமல், நோன்போடு நிற்பதாக நேர்ந்துகொண்டவர் என்றார்கள். அவரைப் பேசச் சொல்லுங்கள், நிழலுக்கு வரச் சொல்லுங்கள், உட்காரச் சொல்லுங்கள், நோன்பை மட்டும் பூர்த்தி செய்யட்டும் என்று கட்டளையிட்டார்கள். புகாரியில் உள்ள ஹதீஸ் இது. நோன்பு வணக்கம், அது நின்றது. வெயில் வணக்கமல்ல, அது நீக்கப்பட்டது. இரு மக்களின் தோளில் தொங்கிக்கொண்டு கஃபாவுக்கு நடந்தே போவதாக நேர்ந்த ஒரு கிழவரைக் கண்டபோதும், இவர் தம்மைத் தாமே வதைப்பது அல்லாஹ்வுக்குத் தேவையில்லை என்று கூறி வாகனத்தில் ஏறச் செய்தார்கள்.

ஆயிஷா (ரலி) அவர்களிடம், உன் சிரமத்துக்கு ஏற்பக் கூலி உண்டு என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதை மாமி கேள்விப்பட்டிருப்பார். அதற்கு இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) போன்றோர் தரும் விளக்கம் என்னவென்றால், கடமையைச் செய்யும்போது தவிர்க்க முடியாமல் வரும் சிரமத்துக்குக் கூலி உண்டு. சிரமத்தை வலியத் தேடிப் போவது வணக்கமாகாது என்பதே. நரகத்தின் நெருப்பு இதைவிடச் சூடானது என்று தபூக் விஷயத்தில் இறங்கிய வசனத்தைச் சிலர் இதற்குக் காட்டுவார்கள். அது வெயிலைச் சாக்குச் சொல்லிக் கடமையிலிருந்து நழுவிய முனாஃபிக்குகளைப் பற்றியது. குடை பிடிக்கும் ஹாஜியைப் பற்றியதல்ல.

நாயகம் (ஸல்) அவர்களே ஹஜ்ஜில் எப்படி இருந்தார்கள்? நமிராவில் அவர்களுக்காக ரோமத்தாலான கூடாரம் அடிக்கப்பட்டிருந்தது. சூரியன் சாயும்வரை அதில் தங்கினார்கள். ஜம்ரத்துல் அகபாவில் கல்லெறியும்வரை, உஸாமா (ரலி), பிலால் (ரலி) இருவரில் ஒருவர் ஒட்டகத்தின் கயிற்றைப் பிடிக்க, மற்றவர் துணியை உயர்த்திப் பிடித்து அவர்களுக்கு வெயில் மறைத்ததை உம்முல் ஹுஸைன் (ரலி) கண்டு அறிவிக்கிறார்கள். குடைக்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

மஸ்அலா இதுதான். இஹ்ராமில் ஆண்கள் தலையை மூடக்கூடாது. தலையில் படாத குடை, கூடாரம், வண்டியின் கூரை ஆகியவை ஷாபிஈ, ஹனஃபி இரு மத்ஹபிலும் கூடும். பெண்களுக்குத் தலையை மூடுவதில் தடையே இல்லை. வெயிலின் தீங்குக்கு அஞ்சி ஓர் ஆண் தலையை மூட நேர்ந்தாலும் பாவமில்லை; ஃபித்யா மட்டும் உண்டு. மூன்று நோன்பு, அல்லது ஆறு ஏழைகளுக்கு உணவு, அல்லது ஓர் ஆடு. தலையில் பேன் நிறைந்து அவதிப்பட்ட கஅபு இப்னு உஜ்ரா (ரலி) அவர்களுக்குக் கிடைத்த சலுகை இதற்கு அடிப்படை. பலவீனர்கள் முஜ்தலிஃபாவிலிருந்து நடு இரவுக்குப் பின் புறப்பட்டுவிடலாம். அய்யாமுத் தஷ்ரீக் நாட்களில் கல்லெறிய நடுப்பகலின் நெரிசலுக்கே ஓட வேண்டாம். ஷாபிஈ மத்ஹபில் இரவிலும் எறியலாம். உண்மையிலேயே இயலாத நோயாளி, தம் கல்லை எறிந்து முடித்த ஒருவரை வக்கீலாக்கலாம். அனுமதிச் சீட்டு இல்லாமல் போவது கூடாது, அது பாவம் என்று சவூதியின் மூத்த ஆலிம்கள் சபை 2024 ஏப்ரலிலேயே அறிவித்திருந்தது. வழியில் உயிருக்குப் பாதுகாப்பு இருப்பதும் ஹஜ் கடமையாவதற்குரிய சக்தியில் அடங்கியது என்பதால், "எப்படியாவது போய்விடலாம்" என்று சொல்லும் ஏஜெண்டுக்குப் பணம் கட்டுமுன் பத்து முறை யோசியுங்கள்.

வைத்திய விஷயத்தையும் ஹாஜிகள் தெரிந்துகொள்ள வேண்டும். உடலின் சூடு 40 டிகிரியைத் தாண்டி, பேச்சுக் குழறி, புத்தி தடுமாறினால் அது வெறும் களைப்பல்ல, வெப்பத்தாக்கு. அப்போது வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். நிழலில் கிடத்தி, மேல் துணியைத் தளர்த்தி, உடல் முழுதும் தண்ணீர் தெளித்து விசிறிக்கொண்டே உதவிக்கு ஆளனுப்புங்கள். ஹஜ்ஜில் விழுந்தவர்களுக்காகவே 1980 வாக்கில் வைனர், கொகாலி என்ற இரு வைத்திய நிபுணர்கள் ஒரு படுக்கையை அமைத்தார்கள். வலைப்படுக்கையில் கிடத்தி, குளிர்ந்த நீரைப் பனிபோலத் தெளித்து, அதன்மேல் வெதுவெதுப்பான காற்றை வீசுவார்கள். பனிக்கட்டியை அப்பினால் தோலின் நாளங்கள் சுருங்கிச் சூடு உள்ளேயே தங்கிவிடும். காற்றில் ஈரம் உலர்ந்தால் சூடு வெளியேறும் என்பது அதன் தத்துவம். ஈர விசிறலும் அதே வேலையைத்தான் செய்கிறது.

தலையில் காயம்பட்ட ஒரு ஸஹாபி குளிப்புக் கடமையானபோது, குளிக்காமல் இருக்கச் சலுகை உண்டா என்று கூட வந்தவர்களிடம் கேட்டார். இல்லை என்றார்கள். குளித்தார், இறந்தார். செய்தி எட்டியதும் நாயகம் (ஸல்) அவர்கள் கொண்ட கோபம் அபூதாவூதில் பதிவாகியுள்ளது. அவர்களே அவரைக் கொன்றுவிட்டார்கள் என்றும், தெரியாதபோது கேட்டிருக்க வேண்டாமா, அறியாமைக்கு மருந்து கேட்பதுதானே என்றும் கண்டித்தார்கள். குடை பிடித்தால் நன்மை குறையும் என்று ரத்தக் கொதிப்புள்ள அம்மாளிடம் சொல்லும் மாமிமார்கள் இதை ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. அந்த அம்மாளுக்கு, பெரிய வெள்ளைக் குடையாக வாங்கிக்கொள்ளும்படியும், மருந்து மாத்திரைகளைப் பற்றி டாக்டரிடம் புறப்படுமுன் கேட்டுக்கொள்ளும்படியும் பதில் எழுதிவிட்டேன்.

பள்ளி விஷயமும் ஒருவாறு முடிந்தது. கடும் வெயிலில், தூரத்திலிருந்து நடந்து வருவோருக்காக லுஹர் ஜமாஅத்தைச் சுவரோரம் நிழல் விழும்வரை பிற்படுத்துவது ஷாபிஈ மத்ஹபில் ஸுன்னத்து. ஆனால் நேரத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. வீட்டில் தொழும் பெண்கள் ஆரம்ப நேரத்திலேயே தொழுதுகொள்வது சிறப்பு. ஜும்ஆவுக்கு இந்தப் பிற்படுத்தல் இல்லை. ஹனஃபி மத்ஹபில் கோடை லுஹரைப் பிற்படுத்துவது பொதுவாகவே முஸ்தஹப்பு. இதை நிர்வாகிகளிடம் எடுத்துச் சொன்னோம். ஏப்ரல் முதல் ஜூன் வரை லுஹர் ஜமாஅத் 1.30 என்று பலகையில் எழுதினார்கள். ஜும்ஆ பழைய நேரத்திலேயே நடக்கும். வாசலிலிருந்து ஹவுளு வரை தென்னங்கீற்றுப் பந்தல் போட ஆகும் செலவைத் தாமே ஏற்பதாகத் தஸ்பீஹ் உருட்டிய பெரியவர் சொன்னார். பந்தல் எந்தப் பக்கம் சாய்வாக இருந்தால் எத்தனை மணிவரை நிழல் நிற்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்ல ஆள் தேவைப்பட்டது. பெரியவரே அந்த இளைஞர் வீட்டுக்குப் போய்க் கூட்டி வந்தார்.